சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: கட்டுப்படியாகும் செலவில் பெரிய பிரேக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள ஸ்நெட்டர்டன் பந்தயத் தடத்தில், பென்ட்லி ஸ்ட்ரெய்ட் என்னும் நீண்ட நேர்பாதை முடியும் இடத்தில் ப்ரண்டில் என்ற வளைவு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு டன் எடைகொண்ட பழைய மஸ்தா எம்எக்ஸ்-5 கூட அந்த நேர்பாதையின் முடிவில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தை எட்டிவிடும். அங்கே ஒரு கோடைகாலக் காலையில், ஆறாவது சுற்றில், என் காரின் பிரேக் மிதி எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை இறங்கியது. கார் வளைவைத் தாண்டிப் புல்தரைக்குள் போய்த்தான் நின்றது. அன்று மாலையே நான்கு பிஸ்டன் காலிப்பர்களும் பெரிய டிஸ்க்குகளும் அடங்கிய கிட் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். (டிஸ்க் என்பது சக்கரத்துடன் சுழலும் இரும்புத் தட்டு. பேட் என்னும் உராய்வுக் கட்டைகளைப் பிஸ்டன்களால் அதன்மேல் அழுத்துவது காலிப்பர்.) வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீணாகியிருக்கும். அன்று கைவிட்டது டிஸ்க்கோ காலிப்பரோ அல்ல. மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருந்த பிரேக் திரவம்.

பெரிய பிரேக் தேவையில்லை என்று சொல்ல இதை எழுதவில்லை. சிலருக்கு அது உண்மையாகவே தேவை. ஆனால் எது முதலில் கைவிடுகிறது என்பதைக் கண்டறிந்து, அந்த வரிசையிலேயே செலவு செய்தால்தான் குறைந்த பணத்தில் நம்பகமான பிரேக் கிடைக்கும். 1989 முதல் 2005 வரை வெளிவந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன். சாலையில் வேலைக்கும், பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் நாட்களுக்கும் ஒரே காரை ஓட்டுபவர்கள் பிரிட்டனில் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கும் கார்களில் இதுவும் ஒன்று. மேலும், தொழிற்சாலையே மூன்று வெவ்வேறு அளவு பிரேக்குகளை இதற்குத் தந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

பெரிய பிரேக் எதற்காக?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். மிதியை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது, அல்லது அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், டயரின் பிடிப்பு முழுவதையும் உங்கள் பிரேக் ஏற்கெனவே பயன்படுத்திவிடுகிறது என்று பொருள். அதற்குமேல் எவ்வளவு பெரிய டிஸ்க்கைப் பொருத்தினாலும் ஒரே ஒருமுறை நிறுத்தும் தூரம் குறையாது. அதைக் குறைப்பது டயர். பெரிய பிரேக்கின் பயன் வேறு. அதே நிறுத்தத்தைப் பத்தாவது சுற்றிலும் இருபதாவது சுற்றிலும் மாறாமல் செய்ய அது உதவுகிறது. பேடும் டிஸ்க்கும் தேயும் வேகத்தைக் குறைக்கிறது.

இது முழுக்க முழுக்க வெப்பம் பற்றிய கணக்கு. ஓட்டுநருடன் சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 80 கி.மீ. வேகத்துக்குக் குறையும்போது ஏறத்தாழ 815 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் 70 விழுக்காட்டை முன் பிரேக்குகள் ஏற்பதாகக் கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 285 கிலோஜூல் வந்து சேரும். வார்ப்பிரும்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.46 கிலோஜூல் தேவை. ஆகவே டிஸ்க்கின் எடை 4 கிலோ என்றால் அந்த ஒரே நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை சுமார் 155 டிகிரி உயரும். 6 கிலோ என்றால் சுமார் 103 டிகிரிதான் உயரும். அடுத்த வளைவுக்குள் டிஸ்க் எவ்வளவு ஆறுகிறது என்பதைப் பொறுத்து, இந்த உயர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். எனவே டிஸ்க்கின் விட்டத்தை மட்டும் பார்த்து மயங்காமல், அதன் எடை என்ன, உள்ளே காற்றோட்டப் பள்ளங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று விற்பவரிடம் கேட்பதே சரியான கேள்வி.

முதல் படி: எது கைவிட்டது என்று கண்டறிதல்

டிராக்கில் பிரேக் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அதற்குள் இரண்டு முற்றிலும் வேறான நோய்கள் இருக்கலாம். மிதி மென்மையாகி, பஞ்சுபோல் ஆழமாக இறங்கினால், காலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவாகியிருக்கின்றன. மிதி உறுதியாகவே இருந்தும், எவ்வளவு பலமாக மிதித்தாலும் கார் வேகம் குறையவில்லை என்றால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது. முன்னதற்கு மருந்து திரவம். பின்னதற்கு மருந்து பேட். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் கிட் வாங்குபவர்களே மிகுதி.

ஸ்டீயரிங் அதிர்கிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல. பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வதும், டிஸ்க் பொருந்தும் ஹப்பின்மேல் துரு இருக்கும்போதே டிஸ்க்கை வைத்து முடுக்கியதும்தான் வழக்கமான காரணங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் பெரிய டிஸ்க்கைப் பொருத்தினால் அதிர்வும் அதனுடனேயே வரும்.

இரண்டாம் படி: இருப்பதை முழு நலத்துக்குக் கொண்டுவருதல்

இருபது, முப்பது ஆண்டுப் பழைய காரில் தொழிற்சாலை பிரேக் எப்படி இருக்கும் என்பதையே நம்மில் பலர் உணர்ந்ததில்லை. பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, மிதவைக் காலிப்பரின் (ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து இரு பேடுகளையும் அழுத்துவது) ஸ்லைடர் பின்களை இறுக்கிவிடுகிறது. அந்த ஸ்லைடர் பின் இறுகினால் உட்புறப் பேட் மட்டும் அழுந்தும். வெளிப்புறப் பேட் ஏறக்குறைய சும்மா இருக்கும். கழற்றிப் பார்க்கும்போது ஒரு பேட் பாதி தேய்ந்தும் மற்றது புதிதுபோலவும் இருந்தால் இதுவே காரணம். பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கப்படும் கிரீஸைத் தடவி, கிழிந்த ரப்பர் உறைகளை மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருந்தால் அவற்றுக்குப் பதிலாக ஸ்டீல் பின்னல் உறையிட்ட ஹோஸ்களைப் பொருத்துவது நல்லது. ஆனால் புதிய ரப்பர் ஹோஸுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, பழைய ஹோஸுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது.

எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பலரும் அறியாத ஒன்று பின் காலிப்பரில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் உள்ள மூடிபோன்ற போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி நுழையும் சரிசெய்யும் திருகு ஒன்று தெரியும். சக்கரம் பூட்டும் வரை அதை முடுக்கி, பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும். இது சரியில்லாவிட்டால் மிதி ஆழமாக இறங்கும், கைபிரேக் தளர்வாக இருக்கும். மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி அதை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: திரவமும் பேடும்

பிரேக் ஆயில் என்று நாம் வழக்கமாகச் சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். டாட் 4 தரத்துக்குப் புதிய நிலையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரி மட்டுமே. அதே டாட் 3 என்றால் 205, 140, டாட் 5.1 என்றால் 260, 180. ஸ்நெட்டர்டனில் என் மிதி தரையைத் தொட்ட காரணம் இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. டிராக்குக்கென்றே செய்யப்பட்ட மோட்டுல் ஆர்பிஎஃப் 600 திரவத்தின் புதிய கொதிநிலை 312 டிகிரி. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் 320 டிகிரி. பின்னதன் உண்மையான சிறப்பு, ஈரம் ஏறிய பிறகும் 270 டிகிரி வரை தாங்குவது. விலை பல மடங்கு என்றாலும், சாலையில் தினமும் ஓடும் காருக்கு அந்த எண்ணே முக்கியம். ஏனெனில் டிராக் நாளுக்கு முன்பெல்லாம் திரவம் மாற்ற எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை. விலை குறைந்த திரவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். மலேசியாவின் செபாங் பந்தயத் தடம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ஓட்டுபவர்கள் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். சிலிக்கான் வகையான டாட் 5 திரவத்தை மட்டும் இவற்றுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது.

பேட் விஷயத்தில் எல்லாவற்றையும் செய்யும் பேட் என்று ஒன்று கிடையாது. சாலைப் பேட் குளிரில் நன்கு கடிக்கும், சத்தம் போடாது, ஆனால் அதிக வெப்பத்தில் கைவிடும். பந்தயப் பேட் சூடேறிய பிறகே கடிக்கும். ஜனவரி மாதக் காலையில் முதல் சிக்னலில் அதை நம்பி மிதித்தால் கார் முன்னால் நிற்கும் வண்டியை நோக்கிப் போகும். ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற இடைநிலைப் பேடுகள் இலேசான காருக்கும் மிதமான டயருக்கும் போதுமானவை. அவற்றாலும் தாங்க முடியாத அளவுக்கு வேகம் கூடிவிட்டால், டிராக்குக்குத் தனிப் பேட் வைத்துக்கொண்டு அங்கேயே மாற்றிக்கொள்வது என் விருப்பம். மிதவைக் காலிப்பரில் இதற்குச் சக்கரம் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். ஆனால் ஒரே டிஸ்க்கில் இரு வேறு பேடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது, அவை ஒரே நிறுவனத்தின் ஒன்றுக்கொன்று பொருந்தும் வகைகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் சொன்ன திட்டுத்திட்டான படிவு உருவாகும்.

115 குதிரைத்திறன் எஞ்சினும் சாதாரண சாலை டயரும் கொண்ட எம்எக்ஸ்-5 ஒன்றுக்கு, என் கணிப்பில், பிரேக் வேலை இந்தப் படியோடு முடிந்துவிடும். டர்போ பொருத்தியவர்களும், ஒட்டும் தன்மை மிகுந்த டிராக் டயர் போட்டவர்களும், ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓட்டுபவர்களும் அடுத்த படிகளையும் படிக்க வேண்டும்.

நான்காம் படி: உடன்பிறந்த காரின் பிரேக்

கட்டுப்படியாகும் பெரிய பிரேக் பெரும்பாலும் அதே கார்க் குடும்பத்தின் விலை உயர்ந்த மாடலில் இருக்கிறது. முதல் 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5 காரின் முன் டிஸ்க் 235 மி.மீ.; பின் டிஸ்க் 231 மி.மீ. 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது இவை 255, 251 மி.மீ. ஆயின. 2001க்குப் பிந்தைய ஸ்போர்ட் வகையில் முன்புறம் 270, பின்புறம் 276 மி.மீ. டிஸ்க்குகள் வந்தன. 1.6 காரின் காலிப்பரையே வைத்துக்கொண்டு 1.8 காரின் பிராக்கெட்டையும் (காலிப்பரைத் தாங்கும் இணைப்பு) டிஸ்க்கையும் மாற்றினாலே ஒரு படி மேலே போய்விடலாம். பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய பிராக்கெட்டுகளும், புதிய டிஸ்க்குகளும், புதிய பேடுகளும் சேர்த்தும் ஒரு கிட்டின் விலையில் சிறு பகுதிதான் ஆகும்.

இந்த வழியின் பெரிய நன்மை, முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற முடிவது. தொழிற்சாலை பொறியாளர்கள் முன்-பின் விகிதத்தை அந்த அளவுகளுக்கென்று கணக்கிட்டிருக்கிறார்கள். தூசியும் உப்பும் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் உறைகள் இருக்கின்றன. எந்த ஊரிலும் பேட் கிடைக்கும். ஆண்டு வாகனச் சோதனையில் எந்தக் கேள்வியும் எழாது. ஆனால் 14 அங்குலச் சக்கரத்துக்குள் ஸ்போர்ட் பிரேக் அடங்காது. 15 அங்குலத்திலும் ஒவ்வொரு ரிம்மாக வைத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பழைய காலிப்பர் வாங்கினால் பிஸ்டனில் துருப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, புது சீல் போட்ட பிறகே காரில் ஏற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: கிட் வாங்குவதென்றால் பிஸ்டன் கணக்கு

காலிப்பரில் எத்தனை பிஸ்டன் என்பதை விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. எண்ணிக்கையைவிட மொத்தப் பரப்பும், அது எவ்வளவு தூரத்தில் அழுத்துகிறது என்பதும்தான் முக்கியம். பிரேக்கின் முறுக்குவிசை, ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பையும் டிஸ்க்கின் பயனுறு ஆரத்தையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. ஒரு பக்கம் என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும்: எதிரெதிராக நான்கு பிஸ்டன் கொண்ட நிலையான காலிப்பரில் இரண்டை மட்டுமே கணக்கில் எடுத்து, மிதவைக் காலிப்பரின் ஒற்றைப் பிஸ்டனுடன் ஒப்பிட வேண்டும். பயனுறு ஆரம் என்பது டிஸ்க்கின் ஆரத்திலிருந்து பேடின் உயரத்தில் பாதியைக் கழித்தால் கிடைப்பது.

எம்எக்ஸ்-5 காரின் முன் காலிப்பரில் 51 மி.மீ. பிஸ்டன் ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு 20.4 சதுர செ.மீ. பேடின் உயரம் 44 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 255 மி.மீ. டிஸ்க்கின் பயனுறு ஆரம் 105.5 மி.மீ. இப்போது 280 மி.மீ. டிஸ்க்கும், ஒவ்வொன்றும் 35 மி.மீ. விட்டமுள்ள நான்கு பிஸ்டன்களும் கொண்ட கிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துப் பரப்பு 19.2 சதுர செ.மீ.; பேட் உயரம் 48 மி.மீ. என்றால் ஆரம் 116 மி.மீ. இரண்டையும் பெருக்கி ஒப்பிட்டால் முறுக்குவிசை ஏறத்தாழ 3.5 விழுக்காடுதான் கூடுகிறது. இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதுதான் நல்ல கிட். டிஸ்க் பெரிதாகி வெப்பத்தை மிகுதியாக ஏற்கிறது; பேட் பெரிதாகிறது; அதே நேரத்தில் முன்-பின் விகிதம் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே நிற்கிறது.

அதே தோற்றமுடைய காலிப்பரை 44.5 மி.மீ. பிஸ்டன்களுடனும் வாங்கலாம். அப்போது ஒரு பக்கத்துப் பரப்பு 31.1 சதுர செ.மீ. ஆகிறது, முறுக்குவிசை 67 விழுக்காடு கூடிவிடுகிறது. மிதியை இலேசாகத் தொட்டதும் கார் கடிப்பதால், ஓட்டுபவருக்குப் பிரேக் மிக வலிமையானது என்று தோன்றும். உண்மையில் முன் சக்கரங்கள் தம் எல்லையை விரைவாக எட்டிவிடும். பின் பிரேக்குகள் தம் பங்கைச் செய்யும் முன்பே முன் டயர் பூட்டிக்கொள்ளும். நிறுத்தும் தூரம் கூடிவிடும். அதோடு அதிகத் திரவத்தைத் தள்ள வேண்டியிருப்பதால், 22.2 மி.மீ. மாஸ்டர் சிலிண்டருடன் மிதி நீளமாக இறங்கும். பழைய கிட்களை வாங்கும்போது பிஸ்டன் அளவை விற்பவர் சொல்வதை நம்பாமல், காலிப்பரில் பொறித்துள்ள பாக எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.

மாறாக, பின் பிரேக்கை மட்டும் வலுவாக்குவது அதைவிடத் தீயது. முன் சக்கரம் முதலில் பூட்டினால் கார் நேராகச் செல்லும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும். பழைய எம்எக்ஸ்-5 கார்கள் பலவற்றில் ஏபிஎஸ் இல்லை என்பதால், பின்புறம் ஏதாவது மாற்றினால் அழுத்தத்தைக் குறைக்கும் விகித வால்வு ஒன்றைப் பின் குழாயில் பொருத்தி, ஈரமான தரையில் மட்டுமல்லாமல் உலர்ந்த தரையிலும் முன் சக்கரம் முதலில் பூட்டும்படி அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆறாம் படி: சாலைக்கும் ஏற்றதா?

இலேசான டிராக் கார்களுக்குப் புகழ்பெற்ற தேர்வு, அமெரிக்காவின் வில்வுட் நிறுவனத்தின் டைனாலைட் காலிப்பர். விலை குறைவு, எடை மிகக் குறைவு, பேட் வகைகள் ஏராளம். ஆனால் அது பந்தயத்துக்காக வடிவமைக்கப்பட்டது. பிஸ்டன்களைச் சுற்றித் தூசி உறை கிடையாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் உலர்ந்த சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அது ஏற்றதே. குளிர்காலம் முழுவதும் உப்புத் தண்ணீரில் ஓடும் காருக்கு, ஆண்டுதோறும் கழற்றிச் சீல் மாற்ற நீங்கள் தயாராக இல்லையென்றால், அது தகாது. அதே நிறுவனம் தூசி உறையுடன் கூடிய காலிப்பர் வகைகளையும் விற்கிறது. இருபயன் காருக்கு அவற்றையே நான் பரிந்துரைப்பேன், சற்று விலை கூடினாலும்.

டிஸ்க் துளையிட்டதா, கோடு வெட்டியதா, வெறுமனே இருப்பதா? டிராக்கில் அடிக்கடி சூடாகி ஆறும் டிஸ்க்கில் துளைகளின் ஓரங்களிலிருந்தே வெடிப்புத் தொடங்கும். மலிவான டிஸ்க்கில் பிறகு துளையிட்டு விற்பவற்றைத் தொடவே வேண்டாம். கோடு வெட்டிய டிஸ்க் பேடின் மேற்பரப்பைச் சுத்தமாக வைத்திருக்கும், ஆனால் பேட் விரைவாகத் தேயும். நல்ல வார்ப்பிரும்பில் செய்த வெறும் டிஸ்க்கே பணத்துக்கு ஏற்ற பயன் தருவது என்பது என் முடிவு. அலுமினிய நடுப்பகுதியும் இரும்பு வளையமும் தனித்தனியாக உள்ள இரு-துண்டு டிஸ்க் எடையைக் குறைக்கும், வெப்பத்தில் தாராளமாக விரியும். வளையத்தை மட்டும் மாற்ற முடியும். ஆனால் அந்த வளையம் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் கொராடோ காரின் 280 மி.மீ. டிஸ்க்கைப் பயன்படுத்தும் எம்எக்ஸ்-5 கிட்கள் பல ஆண்டுகளாக விரும்பப்படுவதற்குக் காரணம் இதுதான்: எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் ஒரு சாதாரணக் காரின் டிஸ்க் அது.

செலவுக் கணக்கையும் இந்த இடத்தில் போட்டுவிட வேண்டும். கிட்டின் விலை ஒருமுறை கொடுப்பது; பேடும் டிஸ்க்கும் கார் இருக்கும்வரை கொடுப்பது. ஓர் ஆண்டில் எத்தனை டிராக் நாள், ஒரு ஜோடிப் பேட் எத்தனை நாள் தாங்குகிறது, கிட்டுக்குரிய பேடின் விலை என்ன என்று எழுதிப் பார்த்தால், சில சமயம் விலை கூடிய கிட் மூன்று ஆண்டில் மலிவாகிவிடுவதும், சில சமயம் மலிவான கிட் அரிய வடிவப் பேட் கேட்பதால் விலையேறிவிடுவதும் தெரியவரும்.

புகழ்பெற்ற பெயர் பொறித்த காலிப்பர் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், அது போலி என்றே எண்ணி விலகிவிடுங்கள். வார்ப்பில் உள்ள குறையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பிராக்கெட்டைச் செய்தவர் யார், எந்த உலோகத்தில் செய்தார், போல்ட்டின் தரம் என்ன என்பதும் அதே அளவு முக்கியம். காலிப்பரைக் காருடன் பிணைப்பது அந்தப் பிராக்கெட் ஒன்றுதான்.

சக்கரத்துக்குள் இடம் இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். நல்ல கிட் விற்பவர்கள் காலிப்பரின் வடிவத்தை அளவு மாறாமல் அச்சிட்டுக்கொள்ளும் படமாகத் தருவார்கள். அதை அட்டையில் ஒட்டி வெட்டி, ரிம்முக்குள் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் போதும். ரிம்மின் உள்வட்டத்துக்கும் காலிப்பருக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஆரக்கால்களின் உட்புறத்திலும் அப்படியே. ரிம்மின் உட்புறத்தில் ஒட்டும் சமன் எடைகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: பொருத்துதல்

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். டிஸ்க்கை நட்டுகளால் முழுமையாக முடுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் பக்கவாட்டு ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, கிட்டுடன் வந்த தாளில் உள்ள எண்ணுக்கே முடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, சஸ்பென்ஷனை மேலும் கீழும் நகர்த்தி, ஹோஸ் எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பார்க்காமல் காரைத் தரையில் இறக்கக் கூடாது.

காற்றை வெளியேற்றும் திருகு காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பொருத்திவிட்டால் திருகு கீழே வந்துவிடும். எவ்வளவு திரவம் ஓட்டினாலும் மிதி இறுகாது. நாள் முழுவதும் பிளீட் செய்தும் பயனில்லை என்று கலங்குபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். நிலையான காலிப்பர்கள் சிலவற்றில் இருபுறமும் திருகு இருக்கும். இரண்டிலும் காற்றை எடுக்க வேண்டும்.

அடுத்தது பேடைப் பழக்குதல். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், பின்னால் வண்டி வராத நேரத்தில், 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வரை உறுதியாகப் பிரேக் பிடித்து, முழுமையாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இப்படிப் பத்து முறை செய்ய வேண்டும். பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கைப் பேட் பிடித்தபடி நின்றால், அந்த இடத்தில் பேடின் தடம் பதிந்துவிடும். பேட் உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கமான பிரிட்டிஷ் காப்பீடு டிராக் நாளுக்குப் பொருந்தாது. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும்.

எட்டாம் படி: முதல் டிராக் நாள்

டிஸ்க்கின் ஓரத்தில் வெப்பம் காட்டும் மூவண்ணப் பூச்சைத் தடவிக்கொண்டு போங்கள். பரவலாகக் கிடைக்கும் வகையில் பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். காலிப்பரில் ஒட்டும் வெப்பப் பட்டையும் மலிவானதே. பச்சை மட்டும் மாறியிருந்தால் நீங்கள் வாங்கிய டிஸ்க் போதுமானது. மூன்றுமே மாறியிருந்தால், இன்னும் பெரிய கிட்டைத் தேடுவதற்கு முன், முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்களைப் பொருத்திப் பாருங்கள். டிஸ்க்கின் முகத்தில் காற்றடிப்பதால் பயன் குறைவு. நடுவிலிருந்து புகுந்து உட்பள்ளங்களின் வழியே வெளியேறும் காற்றுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்ட வேண்டும். நிறுத்தியபின் கைபிரேக் போடக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். ஆறியதும் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்க்க வேண்டும். மேல்புறம் மெலிந்தும் கீழ்ப்புறம் தடித்தும் சாய்வாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் விரிகிறது அல்லது பிராக்கெட் நேராக இல்லை. பேடின் தடிமன் பாதிக்கும் கீழே போனால், வெப்பம் பிஸ்டன் வழியே திரவத்துக்கு எளிதில் கடந்துவிடும் என்பதால், டிராக்குக்கு அதைப் பயன்படுத்தாமல் சாலைக்கு வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கின் முகத்தில் மயிரிழை போன்ற மெல்லிய கோடுகள் தெரிவது இயல்பு. விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான வெடிப்போ, டிஸ்க்கின் வெளி ஓரத்தைத் தொட்டுவிட்ட வெடிப்போ தெரிந்தால், அன்றைய ஓட்டத்தை அத்துடன் நிறுத்திவிட்டு, இரு பக்கத்து டிஸ்க்குகளையும் ஜோடியாக மாற்றும்வரை சாலையிலும் காரை ஓட்டக் கூடாது.